பட்டம் இருந்த பள்ளம்

மேற்குத் தாம்பரத்தில் நாம் குடியிருக்கும் பழைய வீட்டின் தலைவாயிலுக்கு மேலே ஒரு கருங்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதிலே நம் பாட்டனாரைப் பெற்றவரின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. வீடு கட்டிய ஆண்டு, 1912, வெட்டப்பட்டிருக்கிறது. பெயருக்கும் ஆண்டுக்கும் இடையே எழுத்தில்லை, பள்ளம் இருக்கிறது! உளி கொண்டு, ஒரு சாண் நீளத்துக்கு, கொத்திக் கொத்தித் தோண்டிய பள்ளம். சின்னஞ்சிறு வயதில், "கல்லுக்கு என்னப்பா காயம்?" என்று தந்தையைக் கேட்டோம். "காயமல்ல தம்பி, நோய் தீர்ந்த தழும்பு" என்றார் அவர்.

அந்தப் பள்ளத்தில் இருந்தது ஒரு சாதிப் பட்டம். எந்தப் பட்டம் என்று கேட்கத் தோன்றுகிறதா தோழர்களே? கூறமாட்டோம்! அந்த ஆவல் இருக்கிறதே, அதுதான் அழித்த எழுத்தை மீண்டும் அதே பள்ளத்தில் எழுதிப் பார்க்கத் துடிக்கும் ஆவல். உங்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் உண்டு அந்த நோய். புதியவர் ஒருவரைக் கண்டதும், "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று வளைத்து வளைத்துக் கேட்பது எதற்காக? ஊரை அறியவா? இல்லை, உள்ளே ஒளிந்திருக்கும் பட்டத்தை அறிய!

1929ஆம் ஆண்டு பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் செங்கற்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் தலைமை தாங்கினார். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று முழங்கிய அதே பந்தலில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக் கொண்டிருக்கும் சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேறிற்று. தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே அதிகத் தொலைவில்லை. நம் பாட்டனார் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். புகைவண்டி ஏறிச் சென்றார், பேச்சைக் கேட்டார், திரும்பி வந்தார். வந்த மறுநாள் ஏணியைச் சார்த்தி, உளியும் சுத்தியும் எடுத்துக் கொண்டு ஏறிவிட்டார்! கீழே நின்றவர் அவரைப் பெற்ற தந்தை. "நான் கட்டிய வீடு, நான் வெட்டிய கல்" என்று அவர் கதறினாராம். "வீடு உங்களுடையது, அதை இடிக்கவில்லை. பெயர் உங்களுடையது, அதைத் தொடவில்லை. இந்த வால் மட்டும் நீங்கள் ஈட்டியதல்ல, அதைத்தான் எடுக்கிறேன்" என்றாராம் மகன். ஒரு திங்கள் தந்தையும் மகனும் பேசவில்லை.

இந்தப் பழங்கதையை இன்று கூறுவானேன் என்பீர்கள். பழங்கதையாகவே இருந்திருந்தால் கூறியிருக்க மாட்டோம். சென்ற ஆண்டு அந்தக் கதை மீண்டும் நம் வீட்டு வாயிற்படி ஏறி வந்தது, ஒரு விண்ணப்பத் தாளின் வடிவத்தில்!

நம் மகள் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்ல இருந்தாள். அதற்கான தாள்களில் ஒன்று, "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டத்தைக் காட்டி, அதை நிரப்பாமல் மேலே செல்ல முடியாது என்று அடம்பிடித்தது. நம் மகளுக்கு ஏது குடும்பப் பெயர்? அவளுக்கு ஒரு பெயர், அதற்கு முன்னால் நம் பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். அலுவலர் ஒருவரிடம் கேட்டோம். "எல்லோருக்கும் இருக்குமே, உங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போயிற்று?" என்றார், ஏதோ காலோ கையோ இல்லாதவரைக் கேட்பதுபோல! கேலிக்காக அவர் கேட்கவில்லை. உலகின் பல நாடுகள் இன்று அந்தக் கட்டத்தை வைத்துத்தான் மனிதரை எண்ணுகின்றன. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர இயலாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, திகைத்து நின்ற தமிழர் பலர்.

அந்த நேரம் பார்த்து நம் அக்காளின் கணவர் வந்திருந்தார். நல்லவர், நம்மைவிட மூத்தவர், நம் மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவளுக்குப் பயணப்பெட்டி வாங்கித் தருவது தம் பொறுப்பு என்றார். இருவருமாகத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம், மாம்பலம் செல்ல. வண்டி நகர்ந்ததும் பேச்சும் நகர்ந்தது.

"மாப்பிள்ளை, எதற்கு இந்தத் தவிப்பு? நம் குடும்பத்துப் பட்டத்தை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். அங்கே அது சாதியென்று எவனுக்குத் தெரியும்? கென்னடி என்பதுபோல, சர்ச்சில் என்பதுபோல, அதுவும் ஒரு பெயர். நாகரிக உலகமெல்லாம் குடும்பப் பெயரோடுதானே வாழ்கிறது?" என்றார்.

"நாகரிக உலகம் முழுவதும் அப்படி இல்லை அத்தான். ஐசுலாந்து என்றொரு தீவு இருக்கிறது. அங்கே பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தையின் பெயரோ தாயின் பெயரோ எடுத்து, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று சேர்த்துக் கொள்கிறார்கள். நாம் முதலெழுத்துப் போடுவதுபோலத்தான்! புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக் கொள்வதை 1925இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். ஆஸ்திரியாவிலோ, மன்னராட்சி வீழ்ந்ததும், 1919இல், உயர்குடிப் பட்டங்களை ஒழித்தார்கள். பெயரின் நடுவே நிமிர்ந்து நின்ற 'ஃபான்' என்னும் ஒற்றை அசையைக்கூட விட்டுவைக்கவில்லை. செங்கற்பட்டில் நாம் செய்ததை வியன்னாவில் பத்தாண்டுக்கு முன்பே செய்தார்கள்!" என்றோம்.

வண்டி சானடோரியம் நிலையத்தில் நின்றது. பிறகு குரோம்பேட்டையில் நின்றது. பிறகு பல்லாவரத்தில் நின்றது. மூன்று பெயர்ப் பலகைகள்! காசநோயாளரின் நலத்துக்காக டாக்டர் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய மருத்துவ நிலையம் தந்த பெயர் முதலாவது. குரோமியம் கொண்டு தோல் பதனிட்ட தொழிற்சாலை தந்த பெயர் இரண்டாவது. பல்லவர் பேரரசு தந்த பெயர் மூன்றாவது. நோய் தீர்க்கும் தொண்டு, தோல் பதனிடும் உழைப்பு, முடி சூடிய குடி! மூன்றும் இன்று ஒரே அளவுப் பலகையில், ஒரே மஞ்சள் வண்ணத்தில்!

"அதோ பாருங்கள் அத்தான், பல்லவர் பரம்பரை!" என்றோம். "இந்தக் குன்றிலே மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. தன் விருதுப் பெயர்களை வரிசை வரிசையாக அந்தக் கல்லிலே வெட்டி வைத்தான். 1,400 ஆண்டுகள் ஆயின. எழுத்து இருக்கிறது, எடுத்துப் படிக்கக் கல்வெட்டு அறிஞர் வேண்டியிருக்கிறது. குகை இன்று முசுலிம் தோழர்கள் வழிபடும் இடமாக இருக்கிறது. பட்டங்களுக்கு உரிய பரம்பரை எங்கே? இந்த ஊரின் பெயரில் மட்டும்!"

அத்தான் சிரித்தார். ஆனால் விடவில்லை. "அழிந்தவர்களைக் காட்டுகிறீர். அழியாத குடும்பங்கள் இல்லையா? இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பாரும்! விண்ட்சர் என்ற பெயருக்கு இன்றும் உலகம் எழுந்து நிற்கிறதே?"

எழுந்து நிற்கிறது, உண்மை. அந்தப் பெயருக்கு வயது என்ன? 1917 சூலை 17ஆம் நாள் பிறந்த பெயர் அது! அதற்கு முன்பு அந்தக் குடும்பத்தின் பெயர் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா. செருமன் நாட்டுப் பெயர். செருமனியோடு உலகப் போர் நடக்கிறது. கோத்தா என்னும் பெயருடைய செருமானியக் குண்டுவீச்சு வானூர்திகள் இலண்டன் மாநகரைத் தாக்குகின்றன. அரியணையிலும் கோத்தா, ஆகாயத்திலும் கோத்தா! மக்கள் முணுமுணுத்தனர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தாம் வாழும் கோட்டையின் பெயரையே குடும்பத்தின் பெயராக்கிக் கொண்டார். அரச இரத்தம், ஆண்டவன் அருளிய மரபு என்றெல்லாம் அளந்தார்களே, அந்த மரபின் பெயர் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் மாறிற்று! கழற்றினால் கழலக்கூடியது சட்டை, தோலல்ல. நம் பாட்டனார் ஏணிமேல் ஏறி உளியால் காட்டிய உண்மையை, அந்த மன்னர் அரண்மனையில் அமர்ந்து எழுதுகோலால் காட்டினார்.

நம் நாட்டுப் பெருங்குடிகளும் இதற்கு விலக்கல்ல. சேதுபதி என்றால் சேதுவைக் காப்பவர் என்று பொருள். அது பணியின் பெயர்! காவல் புரிந்தவருக்குக் காவலின் பெயர் வந்தது, குறையில்லை. பிறகு, பிறந்த பிள்ளைக்கெல்லாம் அந்தப் பெயர் தானே வந்தது. ஊர்க் கணக்கு எழுதியவன் கர்ணம் ஆனான். அவன் மகன் எழுத்தறியாத பருவத்திலேயே எதிர்காலக் கர்ணம் ஆனான். உழைப்பால் வந்த பெயர் பிறப்பால் வரும் பெயராகும் கணத்தில் ஊழல் தொடங்குகிறது. ஜமீன்களை ஒழிக்க 1948இல் சட்டம் வந்தது. மன்னர் மானியத்தை 1971இல் நாடாளுமன்றம் ஒழித்தது. பரம்பரையாய் வந்த மணியக்காரர், கர்ணம் பதவிகளைத் தமிழ்நாட்டு அரசு 1980இல் ஒழித்தது. மூன்றும் நடந்தன, வானம் இடிந்து விழவில்லை!

மீனம்பாக்கம் கடந்தது. வானூர்தி ஒன்று தலைக்கு மேலே தாழ்ந்து இறங்கிற்று. அதிலே நம் மகள் ஏறிச் செல்லும் நாளை எண்ணினோம், நெஞ்சு கனத்தது. அவள் போகுமிடத்தில் நம் பட்டம் எவனுக்குத் தெரியும் என்றாரே அத்தான், அதற்கு மட்டும் நாம் விடை கூறவில்லை. விடையாக ஒரு கதையைக் கூறினோம்.

தாமஸ் ஹார்டி எழுதி 1891இல் நூலாக வெளிவந்த நாவல், டெஸ் என்னும் ஏழைப் பெண்ணின் கதை. அவள் தந்தை ஒரு சிற்றூர் வணிகன், குடிகாரன். ஒருநாள் பாதிரியார் ஒருவர் அவனை வழியிலே நிறுத்தி, "நீ பழைய டர்பர்வில் பெருங்குடியின் வழித்தோன்றல்" என்று வேடிக்கைபோல் கூறிவிட்டுப் போகிறார். பிடித்தது பித்து! பழம்பெருமை பேசிப் பேசிக் குடிக்கிறான். அதே பெயருடைய செல்வக் குடும்பம் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, உறவு கொண்டாடப் பெற்ற மகளை அங்கே அனுப்புகிறார்கள். அந்தச் செல்வர்கள் யார்? டர்பர்வில்களே அல்லர்! பணம் சேர்த்த வணிகர் ஒருவர், பெருமை வேண்டி, அழிந்துபோன குடும்பப் பெயர்களைப் புத்தகத்தில் தேடி எடுத்து ஒட்டிக் கொண்ட பெயர் அது. பெயரை உடைய குடும்பம் வறுமையில் வாட, பெயரை ஒட்டிக் கொண்ட குடும்பத்து இளைஞன் அந்தப் பெண்ணின் வாழ்வைச் சிதைக்கிறான். முடிவில் அவளுக்குத் தூக்குமேடை! ஒரு பெயரின் மயக்கத்துக்கு ஒரு பெண் பலி. எழுதியவர் ஆங்கிலேயர், எழுதியது ஆங்கில நாட்டைப் பற்றி, ஆயினும் நம் ஊர் மணமேடைகளிலும் மயானங்களிலும் அந்தக் கதையை நாம் காணவில்லையா? சாதிப் பெருமை காக்கிறோம் என்று பெற்ற மகளையே கொன்றோர் செய்தியை நாளேடுகளில் படித்துவிட்டு, அது வெறும் பெயர்தானே என்று எந்த நாவால் கூறுவது?

அத்தான் நெடுநேரம் பேசவில்லை. பரங்கிமலை நிலையத்தில் கூட்டம் ஏறிற்று. கிண்டி நெருங்கும்போது திடீரென்று திரும்பினார்.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் கூறும். பட்டத்தை எடுத்தீர்களே, பரம்பரையை எடுத்தீர்களா? இலங்கையிலே பண்டாரநாயக்க குடும்பம், தில்லியிலே நேரு குடும்பம் என்று பேசுவீர்கள். நம் ஊரிலே குடும்பப் பெயரே இல்லை. குடும்ப அரசியலும் இல்லையா?"

தோழர்களே! சுடத்தான் செய்தது. இலங்கையில் 1956இல் பிரதமரான சாலமன் பண்டாரநாயக்க 1959இல் கொலையுண்டார். 1960இல் அவர் துணைவியார் சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். 1994இல் மகள் சந்திரிகா குடியரசுத் தலைவரானார், அவர் ஆட்சியில் தாயே மீண்டும் பிரதமரானார். தில்லியில் நேரு, அவர் மகள் இந்திரா, அவர் மகன் இராசீவ் என்று மூன்று தலைமுறைப் பிரதமர்கள். இந்திராவுக்கு 1942இல் திருமணத்தால் வந்த காந்தி என்னும் பெயருக்கும் அண்ணல் காந்தியாருக்கும் இரத்த உறவில்லை. ஆயினும் அந்த ஒலியின் நிழல் எவ்வளவு நீண்டது! இவற்றை மேடையில் முழங்க நமக்குத் தயக்கமில்லை.

நம் ஊருக்கு வருவோம். கலைஞர் ஐந்து முறை முதல்வரானார்; அவர் மகன் மு. க. ஸ்டாலின் 2021இல் முதல்வரானார். பேரன் உதயநிதி 2024இல் துணை முதல்வரானார். மூப்பனாருக்குப் பின் அவர் மகன் வாசன். இராமதாசு தொடங்கிய கட்சியில் அவர் மகன் அன்புமணி. இவர்களுள் எந்தக் குடும்பத்துக்கும் மேல்நாட்டார் முறையில் பொதுப்பெயர் கிடையாது. முதலெழுத்துப் போதுமானதாக இருக்கிறது! மக்கள் வாக்களித்துத்தான் வந்தார்கள், மறுக்கவில்லை, உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் உழைத்த தொண்டன் மகனுக்கும் தலைவன் மகனுக்கும் வாயிற்கதவு ஒரே அகலமா? இதைக் கேட்க நமக்கு நா எழவில்லையென்றால், கல்லைக் கொத்தியது வெறும் கைவேலை என்றாகிவிடும். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தபோது ஆட்சி அவர் இல்லத்தாரைத் தேடிப் போகவில்லை. மணமே புரியாத காமராசர் 1975இல் மறைந்தபோது, அவர் பெயருக்கு உரிமை கொண்டாட மகனும் இல்லை, மகளும் இல்லை. அதனால்தான் போலும், ஊரே உரிமை கொண்டாடுகிறது!

"எடுக்கவில்லை அத்தான்" என்று ஒப்புக் கொண்டோம். "முழுவதும் எடுக்கவில்லை. 1970களின் இறுதியில் தெருப்பலகைகளில் பட்டங்களை அழித்தார்கள். சாதிப் பெயர் தாங்கிய தெருப்பெயர்களை மாற்ற 2025 அக்டோபரில் மீண்டும் ஓர் அரசாணை! அழித்தது முழுமையாக அழிந்திருந்தால் மறுமுறை ஆணை எதற்கு? பலகையில் இல்லாத பட்டம் மணமகள் தேவை விளம்பரத்தில் இருக்கிறது, விழாச் சுவரொட்டியில் இருக்கிறது. ஆனால் ஒன்று. பாதிக் கிணறு தாண்டியவன் மீதியைத் தாண்ட வழி தேடவேண்டுமே தவிர, பள்ளத்திலேயே குதித்துவிடக் கூடாது!"

மாம்பலத்தில் இறங்கினோம். பெட்டி வாங்கிய இடம் பாண்டி பஜார். அது யார் பெயர் தெரியுமா? செங்கற்பட்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, தம் பெயரிலிருந்த சாதிப் பட்டத்தைத் துறந்தாரே, அந்தச் சௌந்தரபாண்டியனாரின் பெயர்! பட்டத்தோடு இருந்த எத்தனையோ பேர் மறைந்து போயினர். பட்டத்தை விட்டவர் பெயரில் நாள்தோறும் கோடிக்கணக்கில் வாணிகம் நடக்கிறது. அத்தான் அதைக் கேட்டு, "இதை முன்பே கூறியிருந்தால் நான் மூன்று நிலையம் முன்னதாகவே வாயை மூடியிருப்பேனே!" என்றார்.

மாலையில் வீடு திரும்பி, வெற்றி பெற்ற மிதப்போடு மகளிடம் கூறினோம்: "அந்தக் கட்டத்தில் பட்டம் வேண்டாம். என் பெயரை எழுதிவிடு அம்மா!"

அவள் நம்மை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதலாம் அப்பா. உங்கள் பெயரைச் சுமப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் என் பெயருக்கு முன்னால் ஏற்கனவே உங்கள் எழுத்து இருக்கிறது. பின்னாலும் நீங்களே வந்து நின்றால், அம்மா எங்கே நிற்பார்கள்?" என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது! செங்கற்பட்டுத் தீர்மானங்களை வரிசையாய் ஒப்பிக்கத் தெரிந்த நமக்கு, இரண்டில் ஒன்றுதான் நெஞ்சில் இறங்கியிருந்தது. சாதி ஒழிப்பைப் பிடித்துக் கொண்டோம்; பெண்ணுரிமையை மேடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். நாற்பதாண்டு நம்மோடு வாழ்ந்து, அந்தப் பெண்ணைப் பெற்று வளர்த்த துணைவியாரின் பெயர், நம் வீட்டுக் கல்லிலும் இல்லை, மகளின் பெயரிலும் இல்லை. அடுக்களை வாயிலில் நின்று அவர் ஒன்றும் கூறாமல் கேட்டுக் கொண்டிருந்தார்.

அந்தக் கட்டத்தில் மகள் தன் தாயின் பெயரை எழுதினாள். முன்னால் நம் முதலெழுத்து, நடுவிலே அவள், பின்னாலே அவள் அம்மா. ஆண்டான் இல்லை, அடிமை இல்லை. பட்டம் இல்லை, பரம்பரை இல்லை. இந்தப் பெயர் அவளோடு முடியும். அவள் பெறும் பிள்ளைக்கு வேறு பெயர் வரும். முடியட்டும்! ஒரு தலைமுறையின் பெருமையை அடுத்த தலைமுறை உட்கார்ந்து தின்னாதிருக்க அதுவே வழி.

அவள் சென்ற பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. கொத்தனார் அந்தக் கல்லைப் பார்த்து, "ஐயா, பள்ளம் அசிங்கமாக இருக்கிறது. கொஞ்சம் சிமெண்டு வைத்துப் பூசி மட்டமாக்கிவிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றோம். "அப்படியே இருக்கட்டும். தூசி மட்டும் துடைத்துவிடுங்கள்."